வேற்றுமை உருபை நார்மன் வாள் வெட்டவில்லை

ஆங்கில மொழியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் சொல்லும் கதை இது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டி வில்லியம் வென்றார். அரண்மனை, நீதிமன்றம், திருச்சபை மூன்றிலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. ஆங்கிலம் மாட்டுத் தொழுவத்துக்கும் வயற்காட்டுக்கும் துரத்தப்பட்டது. முந்நூறு ஆண்டுகள் எழுதுவாரின்றிக் கிடந்ததில் அதன் இலக்கணம் உளுத்துக் கொட்டியது. வேற்றுமை உருபுகள் போயின, ஆண்பால் பெண்பால் ஒன்றன்பால் என்ற பெயர்ச்சொல் பாகுபாடு போனது. கடைசியில் கவிஞர் சாசர் வந்து, பிரெஞ்சுச் சொற்களை அள்ளிப் போட்டுப் புதிய மொழி ஒன்றைப் பிறப்பித்தார். அதுவே இடைக்கால ஆங்கிலம்.

கேட்கச் சுவையான கதைதான். வில்லன் இருக்கிறான், வீழ்ச்சி இருக்கிறது, கடைசி ரீலில் மீட்பரும் வந்துவிடுகிறார். நம் ஊர் மொழிச் சண்டைகளில் இதற்கு இரண்டு பக்கமும் கிராக்கி உண்டு. கலப்பு வேண்டும் என்பவர், பிரெஞ்சைச் சேர்த்துக்கொண்டதால்தான் ஆங்கிலம் உலகை ஆள்கிறது என்பார். கூடாது என்பவர், அந்நியன் புகுந்ததும் ஆங்கிலத்தின் இலக்கணமே சிதைந்ததைப் பாருங்கள் என்பார். இருவரும் நம்புவது ஒரே கதையை. போர் நடந்தது உண்மை. அரசவையில் பிரெஞ்சு பேசப்பட்டது உண்மை. ஆயிரக்கணக்கில் பிரெஞ்சுச் சொற்கள் நுழைந்ததும் உண்மை. இவற்றைக் காரணமாகவும் விளைவாகவும் கோத்திருக்கிற விதம்தான் பொய்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏடு இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 700ஐ ஒட்டி லத்தீனில் எழுதியது. அதன் வண்ணங்களைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. மொழிக்காரர்கள் குனிந்து பார்ப்பது வரிகளுக்கு நடுவே உள்ள பொடி எழுத்தை. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆல்ட்ரெட் என்ற பாதிரியார், வடக்கே செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் இருந்தபடி, ஒவ்வொரு லத்தீன் சொல்லின் தலைமீதும் தன் வட்டார ஆங்கிலச் சொல்லை எழுதிவைத்தார். அந்தப் பொடி எழுத்தில் பழைய இலக்கணம் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கிறது. பெயர்ச்சொற்களின் பால் குழம்புகிறது, உருபுகள் ஒன்றின் இடத்தில் ஒன்று வருகின்றன. படர்க்கை ஒருமை வினைக்கு ஓரிடத்தில் பழைய 'த்' ஈறு போடுகிறார், இன்னோரிடத்தில் 'ஸ்' போடுகிறார். இன்று 'ஹீ சிங்ஸ்' என்று சொல்லும்போது ஒலிக்கிறதே, அந்த 'ஸ்' இதுதான். ஆல்ட்ரெட் எழுதியது ஹேஸ்டிங்ஸுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு. வில்லியமின் தந்தைகூட அப்போது பிறந்திருக்கவில்லை.

உருபு ஏன் தேய்ந்தது? ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள் சொல்லின் முதல் அசையை அழுத்திச் சொல்பவை. அழுத்தம் முழுவதும் தலையில் இறங்கினால் வால் மெலியும். பழைய ஆங்கிலத்தில் கல்லுக்கு ஸ்டான் என்று பெயர். 'கல்லின்' என்றால் ஸ்டானெஸ், 'கல்லுக்கு' என்றால் ஸ்டானெ. பன்மையில் ஸ்டானஸ், 'கற்களின்' என்றால் ஸ்டானா, 'கற்களுக்கு' என்றால் ஸ்டானும். இந்தக் கடைசி 'உம்' 10, 11ஆம் நூற்றாண்டு ஏடுகளிலேயே 'அன்' என்று வரத் தொடங்கிவிட்டது. எழுத்தர் ஒலியைக் காதால் கேட்டு எழுதுகிறார், அவ்வளவுதான். பிறகு 'அன்' என்பது 'என்' ஆகி, 'என்' தேய்ந்து 'எ' ஆகி, அதுவும் உதிர்ந்தது. மூக்கொலி தேயும், உயிரொலி மங்கும், 'ஸ்' மட்டும் எளிதில் தேயாது. அதனால்தான் இன்றைய ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் உடைமைக்கு ஒரு 'ஸ்', பன்மைக்கு ஒரு 'ஸ்' மட்டும் மிஞ்சி நிற்கின்றன. இதில் பிரெஞ்சுக்காரர் செய்ய ஒரு வேலையும் இல்லை.

அக்கம்பக்கத்தையும் எட்டிப் பார்க்கலாம். டேனிஷ் மொழி பெயர்ச்சொல்லின் வேற்றுமைகளில் உடைமை தவிர எல்லாவற்றையும் இழந்தது, வினைச்சொல்லின் இட ஈறுகளை இழந்தது, ஆண்பாலையும் பெண்பாலையும் ஒன்றாக்கிக்கொண்டது. டென்மார்க்கை எந்த வில்லியமும் வெல்லவில்லை. டச்சுப் பேச்சில் வேற்றுமைகள் எப்போதோ கழன்றுவிட்டன. ஆனால் அதிகாரபூர்வ எழுத்தில் 1940கள் வரை அவற்றைக் கட்டிக்காத்தார்கள். இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுக்குப் பெயர்ச்சொல்லில் இரண்டு பால் உண்டு, வினைத்திரிபு ஏராளம். பிரெஞ்சைப் பார்த்து ஆங்கிலம் மாறியிருந்தால் பால் பாகுபாடு வலுத்திருக்க வேண்டும். எந்த மொழியின் செல்வாக்கால் பால் ஒழிந்தது என்கிறார்களோ அந்த மொழி இன்றுவரை மேசைக்கும் நாற்காலிக்கும் பால் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் விட எனக்கு உறுதியாகப் படுவது நிலவரைபடம். பிரெஞ்சுதான் அமிலம் என்றால் அது முதலில் எங்கே அரித்திருக்க வேண்டும்? நார்மன்களின் கப்பல் வந்திறங்கும் தென்கரையில், கான்டர்பரியில், கென்ட்டில். கடலைத் தாண்டினால் பிரான்ஸ் என்னும் பகுதி அது. கடைசியாக எங்கே போயிருக்க வேண்டும்? நார்மன் ஆதிக்கம் தாமதமாக எட்டிய வடக்கில். நடந்ததோ இதற்கு நேர் தலைகீழ். உருபுகள் முதலில் உதிர்ந்தது வடக்கிலும் கிழக்கிலும். 1340இல் கான்டர்பரியில் டான் மைக்கேல் என்ற துறவி ஒழுக்க நூல் ஒன்றைத் தன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதி முடித்தார். 'அயென்பைட் ஆஃப் இன்விட்' என்று பெயர். ஹேஸ்டிங்ஸ் நடந்து 274 ஆண்டுகள் கழித்து எழுதியது அது, அதுவும் ஒரு பிரெஞ்சு நூலின் மொழிபெயர்ப்பு. மூலம் பிரெஞ்சு, ஊர் கென்ட், மொழிபெயர்த்தவர் இரு மொழியும் அறிந்தவர். அப்படியும் அந்த ஏட்டில் பழைய இலக்கணத்தின் எச்சங்கள், வடக்கே இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே காணாமற்போனவை, இன்னும் உயிரோடு கிடக்கின்றன. நார்மன் வாளின் நிழல் அடர்த்தியாக விழுந்த இடத்தில் உருபு நிலைத்திருக்கிறது, மெலிதாக விழுந்த இடத்தில் முதலில் போயிருக்கிறது. இந்த வரைபடத்தை விளக்காமல் நார்மன் கதையைச் சொல்வது கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு விடை எழுதுவது.

அப்படியானால் 1066இல் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. ஆனால் அது நாக்கில் நடக்கவில்லை, எழுதுகோலில் நடந்தது. போருக்கு முந்தைய நூறு ஆண்டுகளில் வின்செஸ்டரை மையமாகக் கொண்டு, எத்தெல்வோல்ட் ஆயர், அவர் மாணவர் ஆல்ஃப்ரிக் போன்றோர் வழியில், வெசெக்ஸ் வட்டார ஆங்கிலம் நாடு முழுவதற்குமான எழுத்து வழக்காக வளர்ந்தது. வடக்கே யார்க்ஷயரில் எழுதினாலும் தெற்கத்தி வெசெக்ஸ் இலக்கணத்தில்தான் எழுத வேண்டும். மடத்துப் பள்ளிகள் அதைக் கற்றுத்தந்தன. வில்லியமும் தொடக்கத்தில் இந்த மரபையே பின்பற்றினார். லண்டன் மக்களின் உரிமைகளை உறுதிப்படுத்தி அவர் தந்த சாசனம் இன்றும் இருக்கிறது. ஆறு அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், ஒரு கையகலத் தோல்துண்டு. அதன் மொழி சுத்தமான ஆங்கிலம். 1070ஐ ஒட்டித்தான் அரசாணைகளில் ஆங்கிலம் நின்றது. அந்த இடத்துக்கு வந்த மொழி எது? லத்தீன். பிரெஞ்சு ஆவணமொழியாக ஓங்கியது 13ஆம் நூற்றாண்டில், வெற்றியாளர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த பிறகு. ஆங்கிலத்தைப் பிரெஞ்சு விரட்டியது என்னும் வாக்கியமே அலுவலக அளவில் தவறான வாக்கியம்.

எழுத்து வழக்கைக் கற்பிக்கும் பள்ளி நின்றதும், எழுதத் தெரிந்தவர்கள் தாங்கள் பேசியபடி எழுதத் தொடங்கினார்கள். 'வந்துகொண்டிருக்கிறான்' என்று எழுதுகிற நாம் 'வந்துட்டிருக்கான்' என்று பேசுகிறோம். நாளை முதல் பள்ளிகள் எழுத்துத் தமிழைக் கற்பிப்பதை நிறுத்தி, எல்லோரும் பேசுவதையே எழுதினால், ஐந்நூறு ஆண்டு கழித்து ஏட்டைப் புரட்டும் ஆய்வாளர் ஒரே தலைமுறையில் தமிழ் இலக்கணம் இடிந்து விழுந்தது என்று முடிவுகட்டுவார். அந்த ஆண்டில் நடந்த ஏதேனும் ஒரு தேர்தலையோ போரையோ காரணமாகவும் காட்டுவார். இடைக்கால ஆங்கிலத்துக்கு நேர்ந்தது அதுதான்.

இது ஊகம் என்று தள்ள நினைப்பவர்கள் பீட்டர்பரோ மடத்துக்குப் போகலாம். 1116இல் அந்த மடம் தீக்கிரையானது. எரிந்த நூல்களுக்கு மாற்றாக ஆங்கில ஆண்டுக்குறிப்பு ஒன்றை இரவல் வாங்கிப் படியெடுத்தார் ஒரு துறவி. 1121 வரை படியெடுத்துவிட்டு, 1131 வரை நிகழ்ந்தவற்றைத் தானே அவ்வப்போது எழுதிச் சேர்த்தார். ஒரே கை. படியெடுத்த பக்கங்களில் பழைய எழுத்து வழக்கு ஓரளவு அப்படியே நிற்கிறது. தானாக எழுதிய பக்கங்களில் பால் தடுமாறுகிறது, உருபுகள் குழைகின்றன. படியெடுத்த பழைய ஆண்டுகளுக்கு நடுவே தன் மடத்தின் நில உரிமைகளைப் பற்றிச் செருகிய பகுதிகளிலும் இதே கதை. ஒரே மனிதன் காலையில் ஒரு மொழியும் மாலையில் இன்னொரு மொழியும் பேசியிருக்க முடியாது. அவன் பேச்சு ஒன்றுதான், முன்னால் இருந்த மூலஏடு ஓரிடத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டது, இன்னோரிடத்தில் விட்டுவிட்டது. அடுத்து வந்த எழுத்தர் 1132 முதல் 1154 வரையான நிகழ்வுகளை எழுதினார். ஸ்டீபன் மன்னர் காலத்துக் கோட்டைச் சித்திரவதைகளை, தலைகீழாகத் தொங்கவிட்டுப் புகை மூட்டியதை, பாம்பும் தேரையும் நெளியும் நிலவறைகளை விவரிக்கும் பகுதி அதில்தான் வருகிறது. அவர் கையில் பால் வேறுபாடு ஏறக்குறைய முற்றாகப் போய்விட்டது. ஸே, ஸேஓ, தட் என்று மூன்று பாலுக்கும் வேறுவேறாக இருந்த சுட்டு, 'த' என்று ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அந்த ஏட்டில் பிரெஞ்சுச் சொற்கள் எத்தனை? மிகச் சில. இலக்கணம் ஏறக்குறைய முழுதாக மாறிவிட்டது, பிரெஞ்சுச் சொற்களின் வெள்ளம் இன்னும் வரவே இல்லை. காரணம் வருமுன்னே விளைவு வந்து நின்றதை நார்மன் கட்சிக்காரர்கள் எப்படி விளக்குவார்களோ தெரியவில்லை.

முந்நூறு ஆண்டு மௌனம் என்பதும் அளந்து பார்த்தால் நிற்காது. 1120களில் ராச்செஸ்டரில் பழைய ஆங்கிலச் சட்டங்களை ஆங்கிலத்திலேயே படியெடுத்தார்கள். 1200ஐ ஒட்டி வூஸ்டர்ஷயரில் லயமன் என்ற பாதிரியார் பிரிட்டன் மன்னர்களின் கதையை ஏறத்தாழ 16,000 அடிகளில் பாடினார். அவர் மூலம் பிரெஞ்சு, ஆனால் அவர் பாடலில் பிரெஞ்சுச் சொற்கள் அபூர்வம். மேற்கு மிட்லண்ட்ஸில் தனிமைத் துறவு பூண்ட பெண்களுக்காக எழுதிய 'ஆங்க்ரீன் விஸ்' எத்தனை சீரான எழுத்து வழக்கில் இருக்கிறது என்பதை 1929இல் ஒரு கட்டுரையில் காட்டியவர் டோல்கியன். ஆம், மோதிரங்களின் தலைவனை எழுதிய அதே டோல்கியன். வூஸ்டர் மடத்தில் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கைநடுக்கம் உள்ள ஒரு துறவி, பழைய ஆங்கில ஏடுகள் ஏறத்தாழ இருபதில், புரியாத சொல்லுக்கெல்லாம் பக்கத்தில் பொருள் எழுதிவைத்தார். பெயர் தெரியாத அவரை அறிஞர்கள் 'நடுங்கும் கை' என்றே அழைக்கிறார்கள். செத்த மொழிக்கு யாரும் கைநடுங்க நடுங்க உரைக்குறிப்பு எழுதுவதில்லை.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஆர்ம். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, லிங்கன்ஷயர் பக்கம். நற்செய்தி விளக்கங்களை 19,000 சொச்ச அடிகளில் எழுதி, தன் பெயராலேயே நூலுக்கு 'ஆர்முலம்' என்று பெயரிட்டார். கவிதையாக அது சலிப்பூட்டும், ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கவலை கவிதையே அல்ல. வாசிக்கும் பாதிரி ஆங்கிலத்தைப் பிழையாக உச்சரித்துவிடக் கூடாது என்று, குறில் வரும் இடத்திலெல்லாம் அடுத்த மெய்யை இரட்டித்து எழுதினார். நூல் நெடுக, விடாப்பிடியாக. அவர் கையாலேயே எழுதிய ஏடு ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஒழுங்கற்ற தோல்கள், மேலே ஒட்டிய துண்டுகள், அடித்தல் திருத்தல். ஆர்ம் என்பது ஸ்காண்டிநேவியப் பெயர். நூலைக் கேட்டு எழுதச் சொன்னவர் அவர் உடன்பிறந்த வால்ட்டர், அதுவோ நார்மன்கள் கொண்டுவந்த பெயர். ஒரே வீட்டில் இரண்டு படையெடுப்புகளின் பெயர்கள், இருவருக்கும் நடுவே ஓடியது ஆங்கிலம். 'அவர்கள்' என்பதற்கு இன்று 'தே' என்று சொல்கிறோமே, வைகிங்குகளிடமிருந்து வந்த அந்தச் சொல் ஆர்மின் அடிகளில் வழக்கமாகப் புழங்குகிறது. பிரெஞ்சுச் சொற்களைத் தேடினால் ஒன்றிரண்டு அகப்படலாம்.

சொற்கள் வந்தது உண்மைதானே என்று கேட்கலாம். வந்தன, வெள்ளமாக. ஆனால் எப்போது? இடைக்காலம் முழுவதும் ஆங்கிலம் ஏற்ற பிரெஞ்சுச் சொற்களை மொழி வரலாற்றாசிரியர் ஆல்பர்ட் பா பத்தாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார். அவற்றில் 1250க்கு முன் வந்தவை சுமார் 900தான். மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் மாதிரிக்கு ஆயிரம் சொற்களை எடுத்து எண்ணியபோது, வரத்து உச்சம் தொட்டது 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அது பிரெஞ்சு அதிகாரம் ஓங்கிய காலம் அல்ல, ஓய்ந்த காலம். 1204இல் ஜான் மன்னர் நார்மண்டியை இழந்தார். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் வால்ட்டர் ஆஃப் பிப்பெஸ்வர்த் என்ற எஸெக்ஸ் வீரர், ஒரு பிரபுக்குலத்துத் தாய் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வசதியாக, பிரெஞ்சுச் சொற்களைக் கற்பிக்கும் செய்யுள் நூல் ஒன்று எழுதினார். உழவு, பறவை, விலங்கின் குரல், விருந்து என்று வாழ்க்கையின் எல்லாத் துறைக்கும் சொற்கள். வரிகளுக்கு இடையே, பொருள் விளங்க, ஆங்கிலச் சொல். வெற்றியாளரின் வழித்தோன்றல் குழந்தைகளுக்குத் தங்கள் 'தாய்மொழி'யை ஆங்கில உரையோடு கற்பிக்க வேண்டியிருந்தது! 1362இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள் என்பது வேறு வேடிக்கை. 1385இல் ஜான் ட்ரெவிசா, இலக்கணப் பள்ளிகள் பிரெஞ்சைக் கைவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டதைக் குறித்துவைத்தார். மேல்தட்டு பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்துக்கு வரும்போது, பழகிய சொற்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. பிரெஞ்சு வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போன சாமான்கள் அவை, படையெடுத்து வந்தபோது இறக்கியவை அல்ல. எழுத்துக்கூட்டல் ஒன்றில் மட்டும் நார்மன் பாணி எழுத்தர்களின் கை நேராகவே பட்டிருக்கிறது. 'க்வீன்', 'ஹவுஸ்' போன்றவற்றை இன்று எழுதும் முறை அவர்கள் தந்தது.

உடனே யாராவது ஆட்டுக்கறியையும் மாட்டுக்கறியையும் கொண்டுவருவார்கள். மேய்க்கும்போது 'ஆக்ஸ்', 'ஷீப்', 'ஸ்வைன்' என்ற ஆங்கிலப் பெயர், தட்டில் விழுந்ததும் 'பீஃப்', 'மட்டன்', 'போர்க்' என்ற பிரெஞ்சுப் பெயர். உழைத்தவன் ஆங்கிலேயன், தின்றவன் நார்மன். இதை இவ்வளவு பரப்பியது வால்ட்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவல். அதில் விதூஷகன் ஒருவன் பன்றி மேய்ப்பவனிடம் இந்த விளக்கத்தைச் சொல்கிறான். நாவலில் விதூஷகன் சொன்னதை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொண்டவர்கள் நாம்தான். ஷேக்ஸ்பியரின் ஷைலாக், ஆட்டையும் மாட்டையும் பெயர் சொல்லும்போதே மட்டன் என்றும் பீஃப் என்றும்தான் சொல்கிறான். 1611இன் ஆங்கில பைபிள் உயிருள்ள மாட்டு மந்தையை 'பீவ்ஸ்' என்று குறிப்பிடுகிறது, பீஃபின் பன்மை அது. ஹேஸ்டிங்ஸ் நடந்து ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகும் பீஃப் வயலில் மேய்ந்துகொண்டிருந்தது. தொழுவத்துக்கு ஒரு பெயர், தட்டுக்கு ஒரு பெயர் என்னும் இன்றைய கறாரான பிரிவினை பின்னால் படிப்படியாக இறுகியது.

சாசருக்கு வருவோம். அவர் பெருங்கவிஞர், அதில் சர்ச்சை இல்லை. மொழியைப் பிறப்பித்தார் என்பதில்தான் சர்ச்சை. அவர் எழுதிய அதே தலைமுறையில் வடமேற்கு மிட்லண்ட்ஸில் ஒரு பெயரறியாக் கவிஞர் 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' எழுதினார். இன்னொரு கவிஞரான லாங்லண்டின் 'பியர்ஸ் பிளவ்மன்' ஐம்பதுக்கு மேற்பட்ட ஏடுகளில் கிடைக்கிறது. சாசருடையது லண்டன் ஆங்கிலம், ஆனால் அது இன்றைய ஆங்கிலத்தின் நேர்க்கோடும் அல்ல. அவர் 'தே' என்று எழுதுவார், ஆனால் 'அவர்களுடைய', 'அவர்களை' என்பதற்குப் பழைய 'ஹிர்', 'ஹெம்' தான். வினைக்கு 'த்' ஈறுதான் போடுவார். அவருடைய கான்டர்பரிக் கதைகளில் ரீவ் என்ற பாத்திரம் சொல்லும் கதையில் வடக்கத்தி மாணவர் இருவர் வருகிறார்கள். அவர்களைக் கிண்டலடிக்க, அவர்கள் வாயில் மட்டும் 'ஸ்' ஈற்று வினைகளைப் போடுகிறார். சாசர் சிரிப்புக்காக வைத்த வட்டாரப் பேச்சு இன்று உலகமெங்கும் பாடநூல் ஆங்கிலம். பிறப்பித்தவரின் வடிவம் வழக்கொழிந்தது, அவர் நையாண்டி செய்த வடிவம் நிலைத்தது.

கடைசியாக, படித்தவர்களிடையே புழங்கும் வாதம் ஒன்று. இடைக்கால ஆங்கிலம் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பிறந்த கிரியோல் மொழி என்று 1977இல் பெய்லி, மாரோல்ட் என்ற இரண்டு மொழியியலாளர்கள் எழுதினார்கள். தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத கூட்டத்தில் பிறப்பது கிரியோல். அங்கே ஒழுங்கற்ற வினைகள் முதலில் காணாமற்போகும். ஆங்கிலத்திலோ 'சிங், சாங், சங்' என்று உயிரெழுத்தை மாற்றிக் காலம் காட்டும் வினைகள் இன்றும் ஏராளமாக இருக்கின்றன. 'ஃபூட்' பன்மையில் 'ஃபீட்' ஆகிறது, 'கூஸ்' 'கீஸ்' ஆகிறது. நான், நீ, இது, அது, மற்றும், ஆனால், இல்லை, ஒன்று முதல் நூறு வரையான எண்ணுப்பெயர்கள் எதுவும் பிரெஞ்சு அல்ல. இடைக்கால ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 2014இல் எமண்ட்ஸ், ஃபார்லுண்ட் என்ற மொழியியலாளர் இருவரும் வேறு பதில் சொன்னார்கள்: அது உண்மையில் வைகிங்குகளின் மொழிதானாம். வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு. வேர்ச்சொல் ஒன்றாகவும் ஈறு வேறாகவும் இருந்தபோது, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிய ஈறு தேவைப்படவில்லை என்ற அளவுக்கு இதை ஏற்கலாம், அங்கே தேய்மானம் வேகம் பிடித்தது அதனால் இருக்கலாம். அதற்கு மேலே போனால் நார்மன் வாளை உறையில் போட்டுவிட்டு வைகிங் கோடரியைத் தூக்கியதாகும். கென்ட்டிலும் வெசெக்ஸிலும் வைகிங்குகள் கொள்ளையடித்தார்கள், பெருமளவில் குடியேறவில்லை. அங்கும் உருபுகள் தேய்ந்தன, தம் வேகத்தில், வடக்கைவிட நூற்றைம்பது இருநூறு ஆண்டுகள் பிந்தி.